வேலை தெரியாதவர்கள்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பக்கிரிசாமி அண்ணன் எண்ணெய்க்கான செம்பனைப் பழக்குலைகள் பன்னிரண்டைச் சாய்த்துவிட்டார். முப்பதடிக் கம்பை நிமிர்த்தி, முனை அரிவாளைக் காம்பில் மாட்டி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பிசகினால் இருபது கிலோ முள்குலை தலையில் இறங்கும். நான் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். என் கணவர் அப்படிக் குலை விழுந்துதான் தோளை முறித்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வெட்டுக்காரர்கள் பத்தொன்பது பேரும் கம்பும் கையுமாக வாசலில் நின்றார்கள். மேனேஜர் அனந்தன் ஆளுக்கொரு தாள் நீட்டினார். மலாயில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். குலை வெட்டும் திறமை தங்களுக்கு இல்லை என்று உள்ளூர்க்காரர்களே கையெழுத்துப் போட வேண்டுமாம். அதைக் காட்டித்தான் வெளிநாட்டிலிருந்து முப்பது 'திறனாளர்களை' இறக்க முடியும். கையெழுத்துப் போட்டவர் புல் வெட்டப் போவார், வெட்டுக்காரருக்கென்று கொடுத்த வீட்டையும் விடுவார். பக்கிரிசாமி அண்ணனுக்கு வேறு கூரை கிடையாது.

சிலர் ரஹீமை முறைத்தார்கள். பங்களாதேஷ்காரன், ஆறு வருடமாக எங்களோடு வெட்டி எங்கள் தமிழையும் கற்றவன். இவனுங்களாலதான் பொழப்பு போச்சு என்று தேவன் முணுமுணுத்தான். ரஹீம் தன் வேலை பெர்மிட்டை எடுத்து என்னிடம் கொடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்: பொது வேலையாள். வெட்டுக்காரர் கூலியில்லை, அந்தக் கூலிதான் அவனுக்கு. ஆளை இறக்கும்போது முளைக்கிற திறமை, சம்பளம் போடும்போது காணாமல் போய்விடுகிறது. தேவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆள் தேவையென்றால் வரட்டும், ஆனால் பொய் சொல்லிக் கூப்பிட வேண்டாம், வருகிறவனுக்கும் எங்களுக்கும் ஒரே கூலி கொடுங்கள் என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"திறமை எண்டா சர்டிபிகேட் வேணும்," என்றார் அனந்தன். "என்ர மகன் அதை வச்சுத்தான் மெல்பர்ன் போனவன்."

"அவரு போறதுக்காக அங்க உள்ளவங்க 'எங்களுக்கு வேலை தெரியாது'ன்னு எழுதிக் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் கையெழுத்து வேண்டும், இரண்டு மணி லாரிக்குக் குலையும் வேண்டும் என்றார்.

பக்கிரிசாமி அண்ணன் கம்பை வாசற்படியில் கிடத்தினார்.

"வேலை தெரியாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க சார். தெரியாத வேலைய எப்படி செய்றது லா?"

ரஹீமின் பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஒரே போனில் அவனை விமானம் ஏற்றிவிடுவார்கள். வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கம்பும் படியில் கிடந்தது.

"எனக்கும் தெரியாது சார். பெர்மிட்ல அப்படித்தான் இருக்கு."

அடுத்து வந்தவன் தேவன். கம்பைக் கிடத்திவிட்டு ரஹீமின் பக்கத்தில் போய் நின்றான்.

விடியலில் சாய்த்த குலைகள் மரத்தடியிலேயே கிடக்க, இரண்டு மணி லாரி காலியாக நிற்கிறது. அனந்தன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருக்கிறார். படியில் பத்தொன்பது கம்புகள் கிடக்கின்றன, ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.