கம்பனி பார்த்துக்கொண்டது

மனைவி இறந்தபின், மல்வேர்னில் தியாகலிங்கம் நடத்திய இடியப்பக் கடையில் நின்று அவரோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டுப் போகும் ஒரே ஆள் கோணேஸ்வரிதான். ஒருநாள் கோணேஸ்வரி கடையின் ஈரத்தரையில் வழுக்கி விழ, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த அவருக்குக் கொண்டுபோக வைத்த ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருக்கையில், இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிரியந்தன் தியாகலிங்கத்துக்குப் போன் எடுத்தான்.

"போய்ப் பார்க்காதேங்கோ அண்ணை. 'என்ர பிழை' எண்டு வாய்தவறிச் சொன்னாலும் கிளெய்ம் சிக்கலாகிடும். இதுக்குத்தானே லயபிலிற்றி இன்சூரன்ஸ் கட்டுறியள்? நட்டஈட்டைக் கம்பனி பாக்கும்."

தியாகலிங்கம் சொல் கேட்டார். அந்தச் சூப்பைத் தனியே மூன்று நாள் குடித்தார்.

கிளெய்ம் முடிய ஒரு வருசமானது. அதன்பிறகு கோணேஸ்வரி ஊன்றுகோலுடன் கடைக்கு வந்தார். தியாகலிங்கம் அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டார். கோணேஸ்வரி அதில் இருக்கவில்லை.

"காசு வந்தது அண்ணை," என்றார். "நீங்கள்தான் வரேல்லை."