ஆயில் மாற்றிய மறுநாள்

விடிந்ததும் பல்கூட விளக்காமல் மனோகரன் வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் மெக்கானிக் அஃப்ரித் அங்கே ஓர் அட்டையை விரித்துவிட்டுப் போயிருந்தான். "பழைய எஞ்சினு நைனா. இத்தினி வருசம் அழுக்குதான் ஒழுவாம அடச்சிக்கினு இருந்துது. சிந்தெடிக் ஆயிலு அத அலசிட்டா ஒழுவுனாலும் ஒழுவும். காலீல அட்டய பாரு" என்று எச்சரித்திருந்தான். மனோகரன் அட்டையை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஓட்டமாக எடுத்துக்கொண்டு போய் மனைவி பச்சையம்மாவிடம் காட்டினார்.

"வெறும் அட்டய காட்டிகினு நிக்கிறியே, உனுக்கு இன்னாய்யா ஆச்சி" என்றாள் அவள்.

பத்தொன்பது வருஷமாக அந்த வேனில்தான் இருவரும் மீன் விற்கிறார்கள். அவர் ஓட்டுவார். அவள் பின்கதவைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து, வெட்டிச் சுத்தம்செய்து கொடுப்பாள். இத்தனை வருஷமும் அந்த எஞ்சின் குடித்தது விசைப்படகுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலைத்தான். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் மச்சான் ரகுபதி, கேனில் மிஞ்சுவதைக் கொடுத்துவிடுவார். கடலில் போகிற எஞ்சினுக்கே ஒத்துக்கொள்வது ரோட்டில் போவதற்கு ஒத்துக்கொள்ளாதா என்பது மனோகரனின் கட்சி. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிக்கு மூச்சுவாங்க ஆரம்பித்த பிறகுதான் இறங்கிவந்தார். திருவொற்றியூர் ஒர்க்‌ஷாப்பில் அஃப்ரித் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றியபோது உள்ளே கறுப்பு அல்வா மாதிரி அப்பிக் கிடந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மனோகரனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அஃப்ரித் சுரண்டிக் கழுவி, கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த டேப்பட்டைச் சரிசெய்து, தேன் நிறத்தில் இருந்த புது ஆயிலை ஊற்றினான்.

இப்போது சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கர்ரென்று கத்தியது. மனோகரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் காசிமேட்டு ஏலத்தில் இரண்டு கூடை சங்கரா கூடுதலாக எடுத்துவிட்டார். மேம்பாலத்தில் வண்டி ஏறியதே தெரியவில்லை. பக்கத்தில் பச்சையம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எர்ணாவூர் குடியிருப்பில் வழக்கமான இடத்தில், வழக்கமான எட்டு மணிக்கு நிறுத்தினார். யாரும் வரவில்லை. கிருத்திகையோ என்று யோசித்தார். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. இருபது நிமிஷம் ஆயிற்று. ஐஸ் கரைந்து பின்கதவு வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போனால் அத்தனை சங்கராவும் பாழ்.

பச்சையம்மாதான் கண்டுபிடித்தாள். "யோவ், வண்டி சத்தம் கேட்டுதான எறங்கி வருவாங்கோ. நீ அத ஊமயாக்கிட்டு வந்து குந்திகினு கீற."

ஹாரன் அடித்துப் பார்த்தார். தண்ணீர் லாரியும் ஆட்டோவும் நாள் முழுக்க ஹாரன் அடிக்கிற இடம் அது. ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. யாருடைய போன் நம்பரும் அவரிடம் கிடையாது, தேவைப்பட்டதே இல்லை.

"கூவுய்யா" என்றாள் பச்சையம்மா.

"நானா? உனுக்குத்தான் தொண்ட நல்லா கீது."

"ரெண்டு கூட சங்கராவ நானா ஏலம் எடுத்தேன்?"

ஏலத்தில்கூட விரலைத்தான் காட்டுவார் மனோகரன். பெண் பார்க்கப் போன அன்றைக்கும் தலையைத்தான் ஆட்டினார். நாலு பேர் காதில் தன் குரல் விழும் என்றாலே அவருக்கு உடம்பு கூசும். அந்தக் கடகடச் சத்தத்துக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் நிம்மதியாக ஒளிந்திருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே இறங்கி நின்றார். முதல் தடவை காற்றுதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முயன்றார்.

"மீனேய்... சங்கரா மீனேய்..."

மூன்றாம் மாடி வீட்டுக்குள்ளிருந்து சிலுவையம்மாளின் குரல் வந்தது. முதல் நாளிலிருந்தே இவர்களிடம் வாங்குகிறவள்.

"வேணாம்பா, நீ போ. எங்க மீன்காரரு வர்ற நேரம். அவராண்டதான் நாங்க வாங்குவோம். புச்சா வந்து அவரு பொழப்புல கை வெக்காத."

பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனோகரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தனக்காக ஒருத்தி மாடியிலிருந்து சண்டைக்கு நிற்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. மனசு நிறைந்துபோயிற்று. இரண்டு கையையும் வாயருகே குவித்து, குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"சிலுவக்கா, அந்த மீன்காரன் நாந்தான்கா."

நாலைந்து ஜன்னல்கள் திறந்தன. சிலுவையம்மாள் பால்கனிக்கு வந்து, வேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உள்ளே போய், கயிறு கட்டிய பிளாஸ்டிக் கூடையை எடுத்துவந்து இறக்கினாள். அது ஆடி ஆடி இறங்கி, இரண்டாம் மாடி உயரத்தில் நின்றது.

"உனுக்கு இப்டி ஒரு கொரலு கீதா? இன்னொரு தபா கூவு, கேப்போம்" என்றாள்.

கூடை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மனோகரன் அதை அண்ணாந்து பார்த்தபடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.