உருளைக்கிழங்குப் பூ

1959ஆம் வருடம், ஒரு சனிக்கிழமை நண்பகல். கொடைக்கானல் தையல்கூடத்தில் இருந்தவர்கள்: கூடத்தை நடத்தும் கித்தேரியம்மாள் டீச்சர், எட்டு வருடமாக அங்கே பூத்தையல் போடும் சிவபாக்கியம், வில்பட்டியிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன அடைக்கலமேரி.

ஒரு பங்களாவுக்கு ஆறு குஷன் உறைகள். உறைக்கு ஒரு பெரிய பூ. நாலு மணிக்குக் கார் வரும். சீமையிலிருந்து வந்த மாதிரிப் புத்தகத்தில் பூவுக்குக் கோடுதான் இருந்தது, நிறம் இல்லை. நிறத்தை டீச்சர் சொன்ன அன்று அடைக்கலமேரி கிழங்கு தோண்டப் போயிருந்தாள். ஐந்து இதழ், நடுவில் பொட்டு. உருளைக்கிழங்குப் பூ என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஐந்து உறைகளில் நீலப் பூ. அவளுடையதில் வெள்ளைப் பூ, ஓரத்தில் லேசான ஊதா.

"கீழ ரெண்டு கெழங்கையும் தச்சிருக்கலாம்லடி," என்றாள் சிவபாக்கியம். "துரைசானி சாஞ்சுக்கிட்டே தோண்டித் தின்னும்."

டீச்சர் உறையைப் புரட்டினார். எப்போதும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு முடிச்சு இல்லை. நூல் எங்கும் தாவவில்லை. முன்பக்கம் திருப்பி ஜன்னலோரம் கொண்டுபோனார். இதழ் மடிப்புகூட நூலில் இருந்தது. நடுவில் மஞ்சள் நிமிர்ந்து நின்றது. விரலால் தொட்டார். பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க யாரும் இப்படித் தச்சதில்ல. ஆனா ஆறும் ஒண்ணாத்தான் இருக்கணும். பிரிச்சுட்டு நீலம் போடு."

"பிரிக்க மாட்டேன் டீச்சர்."

"அப்ப திங்கக்கெழமை வராத."

"வேற துணி கெடக்குல்ல? கார் வர்றதுக்குள்ள நீலத்துல ஒண்ணு தச்சுத் தாரேன். இதுல கை வைக்காதீங்க."

"ஒரு நாள் சோலிடி அது," என்றார் டீச்சர்.

"வெரசா முடிப்பேன்."

"முடியலன்னா?"

"நீங்களே பிரிங்க. நானும் வரல."

ஒருமுறை கூடத்தில் துணி காணாமல் போயிருந்தது; அதிலிருந்து, டீச்சர் இல்லாத நேரத்தில் கூடம் பூட்டியே இருக்க வேண்டும். டீச்சருக்குக் கோயிலில் வேலை இருந்தது.

"உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவேன்."

"பூட்டிக்கங்க."

"ஏண்டி, தண்ணி தவிச்சா?" என்றாள் சிவபாக்கியம்.

"செம்புல இருக்குக்கா. நீங்க போங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

டீச்சர் வெள்ளைத் துணியையும் நீல நூலையும் எடுத்துக் கொடுத்தார். உருளைக்கிழங்குப் பூ உறையை, கசங்காமல் உள்பக்கமாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். சிவபாக்கியத்தை முன்னால் போகவிட்டு, தானும் வெளியேறி, கதவைச் சாத்திப் பூட்டினார்.