பச்சை உறைகள்

‘தெரிஞ்சும் ஏன் சொல்ல மாட்டேங்கிற, நெரினா?’ என்று பெர்துஸ்ஸி டீச்சர் ஒருநாள் கேட்டாள், கரும்பலகை முன்னால் நிறுத்தி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, வகுப்பே வேடிக்கை பார்க்க… இத்தாலியின் பெரிய நதியான ‘போ’வில் வந்து கலக்கும் ஆறுகளின் பெயர்கள், அத்தனையும் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன, ஒன்றுகூட வெளியே வரவில்லை, அந்த வருஷமே படிப்பு நின்றுபோனது, பதினாலு வயதில் பிஸ்கட் தொழிற்சாலை, அப்புறம் கல்யாணம், அப்புறம் இன்னொரு பள்ளிக்கூடத்தின் சமையலறை… நாற்பத்தேழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி எதற்கு இப்போது வர வேண்டும், மாந்தோவா ஊருக்குள் போகும் பாலத்தின்மேல், இரண்டு பக்கமும் ஏரி பளபளக்க, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் புருஷன் ஃபௌஸ்தோவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது? பாலம் முடிந்து, கோட்டையைத் தாண்டி, பழைய ஊர் தொடங்கும் தெருவின் வாயில் ஒரு பலகை நின்றது, அதற்கு மேல் முட்டை அளவில் ஒரு கேமரா, பலகையில் சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் வெளியூர் வண்டி உள்ளே போகக் கூடாது, அது குழந்தைக்கும் தெரியும். ஃபௌஸ்தோவுக்கும் தெரியும், பார்த்தால். அவன் பார்க்கவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கோட்டையைக் காட்டியபடி, ‘அந்தச் செங்கல்லைப் பாரு, கீழ் வரிசை ஒரு காலம், மேல் வரிசை இன்னொரு காலம், கண்ணு இருந்தா தெரியும்’ என்றான். கண் இருந்தது. தெரிந்தது. அவள் சொல்லவில்லை. கார் கேமராவின் அடியில் நிதானமாக நுழைந்து போயிற்று. டீச்சர் முன்னால் வாய் திறக்காதது கூச்சம், இது கூச்சம் இல்லை, அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இது ஐந்தாவது ஊர். லூக்காவில் அவள் சொல்லத்தான் போனாள், ‘ஃபௌஸ்தோ, அந்தப் பலகை…’ என்பதற்குள், ‘முன்னாடி பாக்கிறது என் வேலை, நீ பக்கத்துல பாரு’ என்றான், முப்பத்தெட்டு வருஷமாக அதே தொனி, சந்தையில் அவள் தக்காளியைத் தொடும்போதும் அதே தொனி, அவளுடைய முதுகுவலியை டாக்டரிடம் அவனே விவரிக்கும்போதும் அதே தொனி. சரி என்று பக்கத்தில் பார்த்தாள், பக்கத்தில் ஒரு செருப்புக் கடை இருந்தது, அதன் கண்ணாடியில் அவர்களுடைய கார் சிவப்பு எழுத்தைத் தாண்டிப் போவது அழகாகத் தெரிந்தது. சியெனாவில் அவளாகவே வாயை மூடிக்கொண்டாள். அரெத்ஸோவில் பலகை தூரத்தில் வரும்போதே வயிற்றுக்குள் ஏதோ இனித்தது… என்ன பெண் நான், கட்டியவன் குழியில் விழுவதைப் பார்த்து இனிக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், அடுத்த நிமிஷம் ஃபெராராவின் பலகை வந்துவிட்டது. அபராதம் அங்கேயே யாரும் வாங்குவதில்லை, அதுதான் அதிலுள்ள ருசி, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், யாரோ ஓர் அலுவலகத்தில் யாரோ கையெழுத்துப் போடுவார்கள், இரண்டு மாதம் கழித்து எல்லாம் மறந்துபோன ஒரு காலையில் தபால்காரி பச்சை உறையோடு மணியடிப்பாள். செப்டம்பர் போய், அக்டோபர் போய், நவம்பரில். ஒன்று இல்லை, ஐந்து. நாளும் நேரமும் தெருவின் பெயரும் அச்சடித்து. நில அளவையாளர் ஃபௌஸ்தோ, ஊரில் எவன் வேலி ஒரு சாண் தள்ளியிருந்தாலும் கண்டுபிடிப்பவன், ஐந்து ஊரில் ஐந்து எல்லையைத் தாண்டியிருக்கிறான்.

எல்லாம் திங்கட்கிழமைக்காக. இந்தப் பயணமே அதற்காகத்தான், அவளுக்குத் தெரியாதா என்ன, ஊர் சுற்றிக் காட்டி, நல்ல ஓட்டலில் படுக்கவைத்து, ஞாயிறு இரவு வெர்செல்லிக்குத் திரும்பி, திங்கள் காலை பத்து மணிக்கு நோட்டரி அலுவலகத்தில் பேனாவைக் கையில் கொடுப்பது. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. விற்றுவிட்டு மலைமேல் அவனுடைய அம்மாவின் பழைய கல் வீட்டுக்குப் போய்விட வேண்டும், கூரையை அவனே சரிசெய்வானாம், கீழ்த் தளத்தில் அவன் தங்கை ஓர்னெல்லா இருக்கிறாள், துணைக்கு ஆச்சு. ஆகஸ்ட் பதினைந்து விருந்தில் பதினோரு பேர் முன்னால்தான் அதை அறிவித்தான், அவளுக்கும் அப்போதுதான் தெரியும், அவள் தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தாள், ‘நெரினாவுக்கும் சம்மதம்’ என்றான், எல்லோரும் கைதட்டினார்கள், ஓர்னெல்லா மட்டும் கைதட்டாமல் அவளைப் பார்த்து, ‘மேல குளிருக்கு உன் சமையல் எல்லாம் சரிப்படாது அண்ணி, நான் சொல்லித் தர்றேன்’ என்றாள். அவள் கத்தியைத் தோலில் ஓட்டி முடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் சம்மதம் என்று யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? நான்தானோ… முப்பத்தெட்டு வருஷமாக நான்தான் சொல்லிக் கொடுத்தேனோ? மலையில் ஒரு நாளைக்கு ஒரு பஸ். வெர்செல்லியில் ரொட்டிக் கடைக்குப் போனால் மீசை முளைத்த பையன்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், ‘நெரினா அக்கா, உங்க கையால வெச்ச சூப்புக்காகவே பள்ளிக்கூடம் வந்தோம்’ என்று தெருவிலேயே கன்னத்தில் முத்தமிடுகிறார்கள். அந்த ஒரு தெருவில் மட்டும் அவள் யாருடைய மனைவியும் இல்லை. மலையில் ஓர்னெல்லா இருப்பாள், கேட்காமல் வந்து சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

நேற்று ஃபெராராவில் சாப்பாட்டுக் கடைக்காரன் அவளைப் பார்த்துத்தான் கேட்டான், ‘அம்மாவுக்கு என்ன கொண்டு வரட்டும்?’ என்று. அவள் பட்டியலிலிருந்து நிமிர்வதற்குள், ‘அவளுக்குப் பூசணி வெச்ச பாஸ்தா’ என்றான் ஃபௌஸ்தோ. அவளுக்குப் பூசணி பிடிக்காது, இனிப்பும் உப்பும் ஒரே வாயில் வருவது பிடிக்காது, இது முப்பத்தெட்டு வருஷத்துச் செய்தி. கடைக்காரன் அவளையே பார்த்தபடி ஒரு கணம் நின்றான், அந்தப் பார்வை… இரக்கமா, கேலியா? இரக்கமாக இருந்தால்தான் அதிகம் எரிகிறது. சாப்பிட்டு முடித்ததும் ஃபௌஸ்தோ ஒரு பீச் பழத்தை முள்கரண்டியில் குத்தி, கத்தியால் தோலை ஒரே சுருளாக, அறுபடாமல் உரித்து, நான்காக வகுந்து, அவள் தட்டில் வைத்தான். வேண்டுமா என்று கேட்கவில்லை. வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் கழுத்தில் சவரம் விட்டுப்போன ஒரு வெள்ளை முடி இருந்தது, அவளுக்குத் தெரிந்த கழுத்து… தின்றாள், இனிப்பாகவே இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. பிறகு கோட்டை முன்னால் நிறுத்திப் படம் பிடித்தான், ‘சிரி, என் மக்கு வாத்தே, இலேனியாவுக்கு அனுப்பணும்’ என்றான். மகள் உடனே பதில் போட்டாள், அம்மா முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று. மகளுக்குக்கூடத் தெரியவில்லை பார், அது பூசணியைத் தொண்டைக்குக் கீழே தள்ளிய முகம்.

தெரு இப்போது குறுகிக்கொண்டே வந்தது. உருளைக்கல் பாவிய தெரு, கார் குலுங்கியது, இரண்டு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்கள், சனிக்கிழமை காலை, சைக்கிளும் காய்கறிப் பையுமாக ஜனங்கள் ஒதுங்கி நின்று, காருக்குள் இருப்பவர்களை ஒருமாதிரிப் பார்த்தார்கள். எண்பது வயதிருக்கும் ஒரு கிழவி ஒதுங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நேராகக் கார் முன்னால் நின்றாள், கூடையில் வெங்காயத்தாள், காரின் மூக்கை விரல் முட்டியால் தட்டினாள், வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. ‘இது உள்ளூர்க்காரங்க தெரு, தம்பி, எங்க வந்தீங்க?’ என்றாள். ஃபௌஸ்தோ கண்ணாடியை இறக்கி, ‘ஓட்டலுக்குப் போறோம்மா’ என்றான். ‘ஓட்டலா, இந்தத் தெருவுலயா? என் வீட்டு மாடியில நடக்குதோ என்னவோ, எனக்கே தெரியாம.’ தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். ‘பலகையில எழுதியிருக்கே, கண்ணாடி போட மறந்துட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுக் கிழவி இந்தப் பக்கம் குனிந்து நெரினாவைப் பார்த்தாள். ‘நீயாவது சொல்லக் கூடாதாடியம்மா.’ சொல்லிவிட்டுச் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் ஒரு காய்கறி வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான், முன்னால் சந்தைக் கூட்டம், நகரவும் வழியில்லை, ஃபௌஸ்தோவின் காது மடல் சிவந்தது. ‘பலகை இருந்துச்சா?’ என்று கேட்டான், தெருவைப் பார்த்தபடியே. ‘நெரினா. பலகை இருந்துச்சா?’

கேட்டுவிட்டானே… இந்த நிமிஷத்துக்காகத்தானே ஐந்து ஊர் வாயை மூடிக்கொண்டு வந்தோம், இல்லை, இந்த நிமிஷம் நவம்பரில் அல்லவா வர வேண்டும், அவள் அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், மணியடிக்கிறது, ஃபௌஸ்தோ படியிறங்கிப் போய்ப் பச்சை உறைகளோடு மேலே வருகிறான், சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொன்றாகக் கிழிக்கிறான், லூக்கா, சியெனா, அரெத்ஸோ, அவள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறாள், ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த நெல் வயல் பனிமூட்டத்தில்… ஜன்னலுக்கு வெளியே நெல் வயல். மலையில் ஏது நெல் வயல்? மலை வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஓர்னெல்லாவின் கோழிக் கூண்டுதான் தெரியும். ஆறு நாளாக, ஒரு முறைகூட, அந்த உறைகளை அவள் மலையில் வைத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி, நீலக் கோடு போட்ட மேஜைவிரிப்பு, சரியாக மூடாத அந்த அலமாரிக் கதவு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. விற்ற வீட்டுக்குள் நின்று யார் தண்ணீர் கொதிக்கவைப்பார்கள்? அப்படியென்றால் நான் எப்போது முடிவு செய்தேன்… லூக்காவிலா, செருப்புக் கடைக் கண்ணாடி முன்னாலா, என்னிடமே சொல்லிக்கொள்ளாமல்?

‘இருந்துச்சு’ என்றாள். ‘எரிஞ்சுட்டும் இருந்துச்சு.’

‘நீ பாத்தியா?’

‘லூக்காவுலேர்ந்து பாத்துட்டுத்தான் வர்றேன். அஞ்சு ஊர்லயும்.’

அவன் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தாள், ‘வாத்து’ வரும், அவள் படிப்பு நின்ற கதை வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் அவளிடம் தயாராக இருந்தது, முப்பத்தெட்டு வருஷத்துப் பதில்கள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ‘சரி விடு’ என்றான், ஏதோ குழந்தையை மன்னிப்பதுபோல, ‘அந்தக் காகிதம் எல்லாம் வர்றதுக்குள்ள நாம மலைக்குப் போயிருப்போம், யார் தலையிலயோ விடியட்டும்.’

‘வெர்செல்லிக்குத்தான் வரும். வாங்கிக்க நான் அங்க இருப்பேன்.’

‘என்ன சொல்ற?’

‘திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடப் போறதில்ல, ஃபௌஸ்தோ.’

ரொட்டிக் கடையில் அரைக் கிலோ கேட்பதுபோல வந்தது குரல், அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பின்னால் காய்கறி வண்டிக்காரன் மறுபடி ஹார்ன் அடித்தான். ஃபௌஸ்தோவின் வாய் திறந்தது, செங்கல்லுக்கும் கூரைக்கும் சுவருக்கும் எப்போதும் சொல் வைத்திருக்கும் வாய், திறந்து, அப்படியே மூடியது. அவள் அவசரமாக மனதுக்குள் அந்தச் சமையலறைக்குத் திரும்பிப் போனாள், நவம்பர், மேஜை, கிழித்த உறைகள், அடுப்பில் ஆவி… மேஜைக்கு எதிரே நாற்காலியில் அவன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது, இதுவரை ஒவ்வொரு முறையும் இருந்தான், இப்போது அடுப்பைப் பார்த்து நின்ற அவளால் திரும்ப முடியவில்லை. ‘ஃபௌஸ்தோ’ என்றாள், எதற்கென்று தெரியாமல். அவன் என்ஜினை அணைக்கவில்லை, சாவியை எடுக்கவில்லை, கதவைத் திறந்து இறங்கினான், காய்கறி வண்டியைச் சுற்றிக்கொண்டு, தாழ்வாரத்தின் நிழலுக்குள் நடந்து போய்விட்டான்.