ரெங்கராஜின் காலில் காப்பித்தூள்

1
அன்று அங்கே இருந்தவர்கள்: கால் ஒடிந்த ரெங்கராஜ், சமையல்காரன் ஐயப்பன், லாரி ஓட்டிய சுஐபு. மூன்றே பேர்.

(ரெங்கராஜ் என் தம்பி மகன். எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் இஷ்டத்துக்குப் பேசக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன்.)

2
தொடக்கம்: 'அமீரகத்தின் புஜைராவில், எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில், லாரியிலிருந்து இரும்புக் குழாய் உருண்டது. ரெங்கராஜின் கணுக்காலுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.'

இதுவரை உண்மை. அடுத்த வாக்கியம்தான் தகராறு செய்கிறது.

'அப்போது ரத்தத்தை நிறுத்த ஐயப்பன் காப்பித்தூள் டப்பாவை எடுத்து' — இல்லை. அவன் இரண்டு கையாலும் காலைப் பிடித்திருந்தான்.

'அப்போது சுஐபு' — அவன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தான்.

டப்பா தானாக நடந்து வந்தது என்று எழுதினால் நம்புவீர்களா?

3
ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே கிருமியைக் கொல்லும் ஊசி போட்டார்கள். நர்ஸ் சீதாலட்சுமி திருநெல்வேலிக்காரி.

"காயத்துல என்னத்த போட்டிய?"

"வெறும் மண்ணும்மா," என்றது ஒரு குரல். (யாருடைய குரல் என்பது கதைக்குத் தேவையில்லை.)

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "எந்த ஊரு மண்ணுல காப்பி வாசம் அடிக்கி? உள்ள சீழ் புடிச்சா காலையே எடுக்க வேண்டி வரும். மறைக்காம சொல்லுங்க."

"ரெண்டு கரண்டி," என்றது அதே குரல்.

ஒன்பது லிட்டர் உப்புநீர் விட்டுக் கழுவினார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். வெளியே கம்பி பூட்டி எலும்பை அசையாமல் நிறுத்தினார்கள். தையல் மட்டும் போடவில்லை.

"தைக்காம விட்டா எங்க குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

"இப்பமே தச்சு மூடுனா அழுக்கும் உள்ளயே மாட்டிக்கிடும், பெரியவரே. ரெண்டு நாள் கழிச்சு திரும்பக் கழுவிப் பாத்துட்டுத்தான் மூடுவாவ. ஆமா, ஃபில்டர் தூளா, இன்ஸ்டன்ட்டா?"

"டாக்டர் கேக்கிறாரா?"

"இல்ல, நான் கேக்கேன்."

4
முடிவு ஒன்று: காயம் சீழ் பிடிக்காமல் ஆறுகிறது.
முடிவு இரண்டு: எழுத மாட்டேன்.

"பெரியப்பா, கதையில என்னைய நடக்க வச்சிருங்க," என்கிறான் ரெங்கராஜ். நாளைக்குத்தான் இரண்டாவது கழுவல். அதுவரை கதையில் அவனை நடக்க வைப்பது, வாசகர்களே, உங்கள் பொறுப்பு.

ஊரிலிருந்து அவன் அம்மா நாகவள்ளி போன் போட்டு ஐயப்பனைத் திட்டித் தீர்க்கிறாள். (அவளிடம் ஐயப்பன் பெயரைச் சொன்னது எந்தக் குரல் என்று கேட்காதீர்கள்.) ஐயப்பன் போனை வைத்துவிட்டு, எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறான்.

காப்பித்தூளைப் போட்டது ஐயப்பன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். போட்டது நான்.