வீரணனுக்குப் போட்ட கையுறை

தெப்பக்குளத்துக்கு மேற்கே இருந்த சந்துகளுக்கு வண்ண வீதி என்று பெயர் வைத்தார்கள். ஒரு அறக்கட்டளை வெளியூர் ஓவியர்களைக் கூட்டி வந்து வீட்டுச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் படம் வரைய வைத்தது. சென்னையிலிருந்து வந்த ரோகிணிக்கு ஒரு மாடி வீட்டின் பக்கச் சுவர் கிடைத்தது. இந்தத் தெருவில் யாரை வரையலாம் என்று அவள் வீடு வீடாகக் கேட்டாள். முக்கால்வாசிப் பேர் வீரணன் பெயரைச் சொன்னார்கள்.

வீரணன் போன வருசம் அதே தெருவில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவன். வெறுங்கையும் அரை டவுசருமாகத்தான் இறங்கினான். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றது அவன் தம்பி பேயாண்டி. வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டர் சிவனாண்டியோ, கையுறை முகமூடி எல்லாம் கொடுத்தோம், குடித்திருந்ததால் அவன்தான் போட மறுத்தான் என்று விசாரணையில் சொல்லிவிட்டார். வீரணனுக்குக் குடிப் பழக்கமே கிடையாது. அதை அவன் மனைவி ஜெயக்கொடி போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேயாண்டி சாட்சி சொன்னால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்பினாள்.

ரோகிணி வந்து கேட்டபோது ஜெயக்கொடி ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். எழுமலையில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, பாதிச் சிரிப்பு. சாக்கடை வேலைக்காரனாக வரைய வேண்டாம், இந்தச் சட்டையோடு வரையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ரோகிணி சரி என்றாள். அன்று ஜெயக்கொடி அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் அதைச் சொன்னாள்.

சுவரைத் துணி கட்டி மறைத்து வேலை நடந்தது. ஜெயக்கொடி விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி, கோயில் வாசலில் விற்றுவிட்டு, பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். துணிக்குப் பின்னால் என்ன வளர்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

திறப்பு விழா அன்று துணி இறங்கியது. முகம் வீரணனுடையதுதான். அதே பாதிச் சிரிப்பு. பிறகுதான் மற்றது அவள் கண்ணில் பட்டது. தலையில் ஹெல்மெட். கழுத்தில் தொங்கும் முகமூடி. ஆரஞ்சு நிறச் சட்டை, முழங்கை வரை கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். கீழே ஓரமாக, வண்ணங்கள் வழங்கியவர் என்று சிவனாண்டியின் பெயர். கூட்டம் கை தட்டியது.

இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வீரணனுக்குத் தோள் அப்படி இருக்காது. அது பேயாண்டியின் தோள். ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். பேயாண்டி கூட்டத்தின் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோகிணியிடம் கேட்டாள். அறக்கட்டளைக் குழுவில் அப்படித்தான் முடிவு செய்தார்கள், தொழிலாளிக்கு மரியாதையாக இருக்கும் என்றார்கள், உடம்புக்கு மாடலாக ஒரு ஆளைப் புது உடுப்போடு அவர்களே அனுப்பினார்கள் என்று அவள் சொன்னாள். அந்த ஆள் செத்தவனின் தம்பி என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் படத்தை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்றாள்.

அடுத்த வாரம் பேப்பரில் அந்தப் படத்துக்கு அடியில் சிவனாண்டி நிற்கிற போட்டோ வந்தது. தொழிலாளர் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர் என்று எழுதியிருந்தது. ஜெயக்கொடி அதை எடுத்துக்கொண்டு பேயாண்டி வீட்டுக்குப் போனாள். அவன் இப்போது சிவனாண்டியிடம் சூப்பர்வைசர்.

"அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு எப்படிய்யா நின்ன?" என்று கேட்டாள்.

"போட்டோ எடுக்கணும்னு நிக்கச் சொன்னாக, நின்னேன் மதினி. முகத்துக்கு அண்ணனை வைப்பாகன்னு தெரியாது."

"தெரிஞ்ச பெறகு?"

"எனக்கும் புள்ளைக இருக்கு மதினி. மறுபடி என்னையக் குழிக்குள்ள எறங்கச் சொல்றியா?"

இறங்கு என்று அவளால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, பொங்கலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்தாள். பந்தல்காரர் வீட்டில் ஏணியைக் கேட்டு வாங்கினாள். உச்சி வெயிலில், தெருவே பார்த்திருக்க, பூட்ஸை வெள்ளையடித்தாள். ஏணியில் ஏறிக் கையுறை இரண்டையும் அடித்தாள். முகமூடிக்கும் ஹெல்மெட்டுக்கும் எட்டவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் ஏணியைப் பிடிக்கவும் இல்லை. சிலர் வீடியோ எடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. வீரணன் செத்தபோது வழக்குப் போட வைக்க அவள் ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தாள். இப்போது சுவர்ப் படத்தைச் சேதப்படுத்தியதாக உடனே வழக்குப் பதிந்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடப் பேயாண்டி வந்தான். அவள் அவனை வேண்டாம் என்று சொல்லி, பந்தல்காரர் வரும்வரை பெஞ்சில் காத்திருந்தாள்.

மறுமாதம் வீரணன் சாவு பற்றிய விசாரணையில் பேயாண்டி சாட்சி சொன்னான். அண்ணனுக்குக் கையுறை கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. விசாரணையை அதோடு முடித்தார்கள்.

படத்தைச் சரிசெய்ய ரோகிணியை மறுபடி வரவழைத்தார்கள். பழுது பார்த்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம். பூ விற்றுவிட்டு வந்த ஜெயக்கொடி சாரத்துக்குக் கீழே நின்றாள். ரோகிணி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள். தான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்றாள்.

"ஒங்க மேல கோவமில்லம்மா" என்றாள் ஜெயக்கொடி. "அவரு வெறுங்கையோட எறங்குனது இன்னைக்கு இந்தத் தெருவுக்கே தெரியும். நாங்கள்லாம் போன பெறகு ஒங்க படம் சொல்றதுதான் நெசம்."

ஜெயக்கொடி காலிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ரோகிணி சாரத்தில் ஏறி, இடது கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினாள்.