கேமராவில் விழுந்த வெள்ளைத் தொப்பி

என் அலுவலகம் ஒரு கன்டெய்னர். சீனாவிலிருந்து ஏதோ சரக்கோடு வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் எங்கள் கராகோல் ஊரிலேயே தங்கிவிட்ட இரும்புப் பெட்டி. போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. வாசலில் பலகை: ‘டொக்தோசுன், வழக்கறிஞர். அபராதம், விபத்து, லைசென்ஸ் பறிப்பு. ஜெராக்ஸும் எடுக்கப்படும்.’ ஜெராக்ஸை முதல் வரியில் எழுதச் சொன்னாள் மனைவி. நான் மானம் பார்த்துக் கடைசியில் எழுதினேன். ஊர் என்னவோ கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுநர்கள் என்னிடம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். “சலான்ல நான் கையெழுத்தே போடலையே, அப்ப அது செல்லாதுதானே?” செல்லும். “வண்டிய வித்து மூணு வருஷமாச்சு, வாங்கினவன் சிவப்பு லைட்டுல போனா எனக்கு ஏன் அபராதம் வருது?” நீ பேர் மாற்றிக் கொடுக்கவில்லை, அதனால். “குமிஸ்தான் குடிச்சேன், குதிரைப் பாலுக்குமா மெஷின் கத்தும்?” எத்தனை கிண்ணம் என்பதைப் பொறுத்தது.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது சட்டத்தைவிட சந்தேகம்தான். நாற்காலியில் உட்காருவதற்குள் கட்சிக்காரர் முதல் பொய்யைச் சொல்லி முடித்திருப்பார் என்பது என் கணக்கு. மனைவி “ரொட்டி வாங்கிட்டு வந்தேன்” என்றால்கூட எந்தக் கடை, யார் சாட்சி என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. உயிர் மேல் எனக்கு ஆசை உண்டு.

கல்முராத் வந்தது அக்டோபர் பதினாலாம் தேதி மத்தியானம். ஐம்பத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, தொப்பிக்குக் கீழே தொங்குமீசை, கையில் சம்மன். உட்காரவில்லை.

“எத்தனை வருஷம் போடுவாங்க?” என்றார்.

நிரபராதி “என் மேல எதுக்குய்யா கேஸு?” என்று கத்துவான். குற்றவாளியும் அதையே இன்னும் சத்தமாகக் கத்துவான். வந்ததும் வராததுமாக வருஷக் கணக்கு கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. என் காது விறைத்துக்கொண்டது.

சம்மனை வாங்கிப் படித்தேன். மூன்றாம் தேதி மாலை, ஊருக்கு வரும் சாலையில், பெய்ஷென்பாய் என்கிற முதியவர் சைக்கிளில் போகும்போது ஒரு வெள்ளி நிறக் கார் இடித்திருக்கிறது. தோளில் எலும்பு முறிவு. கார் நிற்காமல் போய்விட்டது. கடைக்காரர் ஒருவர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஊர் முகப்பில் இருக்கும் கேமராவில் அதே எண்ணில் முடியும் கார் சிக்கியிருக்கிறது. அது கல்முராத்தின் ஜப்பான் கார். படமும் இணைத்திருந்தார்கள். கண்ணாடியில் பாதி மாலை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. மறு பாதியில் வெள்ளைத் தொப்பியும் மீசையும் பளிச்சென்று.

“இது நீங்கதானே?”

“நான்தான். நான்தான் இடிச்சேன். நாளைக்குக் காலையில விசாரணை. ஒப்புதல் எழுதித் தாங்க.”

“அண்ணே, அவசரப்படாதீங்க. உங்களுக்கு எதிரா நீங்களே பேச வேண்டியதில்லைன்னு சட்டம் இருக்கு.”

“நான் பேசுறேன்னு சொல்றேன். எழுதுங்க.”

“பெரியவர் என்ன நிறத்துல சட்டை போட்டிருந்தார்?”

“கவனிக்கல.”

“பிரேக் அடிச்சீங்களா?”

“அடிச்சாங்க… அடிச்சேன்.”

நாக்கு புரண்டதை இரண்டு பேருமே கவனிக்காதது போல இருந்தோம். எனக்குள் வழக்கமான பட்டியல் ஓடியது. யாரையோ காப்பாற்றுகிறார். மகனையா? “மகன் என்ன பண்றான்?” என்று கேட்டேன்.

“மாஸ்கோவுல கட்டட வேலை. ரெண்டு வருஷமா ஊருக்கு வரல.”

“வீட்டுல வேற யாரு?”

“மருமக அய்சிரெக். எங்க ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸு.” பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

நான் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இருந்தாலும் எழுதினேன். கட்சிக்காரர் சிறைக்குப் போக அடம்பிடித்தால் வழியை மறிக்க என் கன்டெய்னரில் இடமில்லை. மூன்று பிரதி ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தேன். மனைவி கேட்டால் சந்தோஷப்படுவாள்.

சாயங்காலமாகிவிட்டது. “வாங்க, வீட்டுல விட்டுட்டுப் போறேன்” என்றார். வெளியே அந்த வெள்ளிக் கார் நின்றது. நான் வழக்கம்போல வலது பக்கக் கதவைத் திறந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். தொப்பையில் ஸ்டியரிங் குத்தியது.

“அண்ணே, நீங்க ஓட்டப் போறீங்களா?” என்றார் கல்முராத், சாவியோடு பின்னால் நின்று.

எங்கள் நாட்டில் சாலையின் வலது ஓரமாக ஓட்டுவோம், அதனால் ஸ்டியரிங் இடது பக்கம்தான் இருக்கும். இது ஜப்பானிலிருந்து வந்த கார். ஸ்டியரிங் வலது பக்கம். எங்கள் ஊரில் பாதிக் கார்கள் இப்படித்தான் ஓடுகின்றன. வாரத்துக்கு இரண்டு முறையாவது யார் காரிலாவது தப்பான கதவைத் திறந்து நிற்கிறவன் நான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது போலீஸ்காரருக்கும் தோன்றவில்லை, இருபத்திரண்டு வருஷச் சந்தேகக்காரனான எனக்கும் தோன்றவில்லை. காரின் இடது இருக்கையில் மீசை இருந்தால் ஓட்டியது மீசைதான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டோம்.

இறங்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். தொப்பி இருந்த பக்கத்தில், என் பக்கத்து இருக்கை. வெயில் வெளுப்பு விழுந்திருந்த பக்கத்தில், நான்.

“அண்ணே, ஏறி உக்காருங்க. அந்தப் பக்கம். படத்துல இருக்கிற மாதிரி.”

அவர் சுற்றிவந்து இடது பக்கம் ஏறினார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

“அவளுக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் பரீட்சை. நான்தான் ஓட்டக் கத்துக்குடுத்தேன். பெரியவரு சைக்கிள்ல ஓரமாத்தான் போனாரு. எதிர்ல லாரி. அவ ஒதுங்கினா, உரசிட்டா. உடனே நிறுத்தினா, இறங்கக் கதவைத் திறந்தா. நான்தான்… போ போன்னு கத்தினேன். லைசென்ஸ் இல்லாத பொண்ணு, ஆளை இடிச்சான்னு ஆச்சுன்னா நர்ஸ் வேலை போயிடும். இடிச்சது அவ, ஓடினது நான். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.”

“அதுக்காக நீங்க ஓட்டினதா எழுதிக் குடுத்தா அது தனிக் குற்றம்.”

“சரி, நான் வாயே திறக்கல. சொந்தக்காரங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல வேண்டாம்னு சட்டம் இருக்காமே?”

“இருக்கு. பொண்டாட்டி, பிள்ளைங்க, பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க, பேரன் பேத்தி. மருமக அந்தப் பட்டியல்ல இல்ல.”

“அந்தப் பட்டியலை எழுதினவனுக்குக் கல்யாணமே ஆகலையா?”

எனக்கே பல வருஷமாக இருக்கும் சந்தேகம் அது.

“பெரியவரைப் போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பார்த்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு போகல. போன வருஷம் எங்க ஊர்க்காரன் ஒருத்தனுக்கு ஒரு வக்கீல் அப்படித்தான் சொன்னாராம், வாயைத் திறக்காதே, அந்தப் பக்கமே போகாதேன்னு.”

அந்த வக்கீல் நான்தான். அதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

வழியில் தேயிலையும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு பெய்ஷென்பாய் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர், பேரம் பேசுவார், கறப்பார் என்று வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டு வந்தேன். சமரசக் கையெழுத்துக்கு முன்னால் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

கதவைத் தள்ளி உள்ளே போனால், கட்டுப் போட்ட தோளோடு கிழவர் மெத்தையில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பினாள். கல்முராத்தின் கையிலிருந்த மிட்டாய்ப் பை கீழே விழுந்தது.

அது அய்சிரெக்தான் என்று புரிந்தது. என் மூளை சும்மா இருக்குமா? இலவச ஊசி. சாட்சியை விலைக்கு வாங்குகிறாள். இல்லை, கிழவர் அவளை மிரட்டி வேலை வாங்குகிறார். இல்லை, மூன்று பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் போடுகிறார்கள்.

“உக்காருங்க” என்றார் பெய்ஷென்பாய். “இந்தப் பக்கம். அந்தப் பக்கம் திரும்பினா வலிக்குது.”

கல்முராத் உட்காராமலே, “ஐயா, உங்களை இடிச்சது நான்தான்” என்றார். மூன்று முறை எச்சரித்தது அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

“நீயா?” கிழவர் சிரிக்கப் போய் வலியில் முனகினார். “நான் போனது ரோட்டோட வலது ஓரம். ஸ்டியரிங் பிடிச்சிருந்த முகம் எனக்கு ஒரு கை தூரம். அந்த முகத்துல மீசை இல்லையே.”

கல்முராத் கீழே விழுந்த மிட்டாய்ப் பையை எடுக்கக் குனிந்தார். கிழவர் விடவில்லை.

“கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில வச்சுட்டா. உள்ளேயிருந்து ஒரு குரல், போ போ போன்னு. மாடு விரட்டுற மாதிரி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் எப்ப வருவான்னு பதினோரு நாளா வாசலைப் பார்த்துட்டிருக்கேன்.”

“இதையெல்லாம் போலீஸ்ல ஏன் சொல்லல?” என்றேன், என் தொழில் புத்தி விடாமல்.

“நீ யாரு?”

“வக்கீல். டொக்தோசுன்.”

“ஓ, அந்த ஜெராக்ஸ் கடைக்காரரா! சொல்லலைன்னா காரணம் இருக்கும்ல? இந்தப் பொண்ணு அன்னிக்குச் சாயந்திரமே திரும்பி நடந்து வந்திருக்கா. நாலு கிலோமீட்டர். ரோட்டுல என்னைக் காணோம்னு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டா. ‘நான்தான் தாத்தா’ன்னு நின்னா. போலீஸுக்குப் போறேன்னா. நான்தான், ‘இரு, கத்தின ஆளு வரட்டும், சேர்ந்தே போங்க’ன்னேன். அவருக்கு வழி தெரிய இத்தனை நாளாகும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கல்முராத் உட்கார்ந்துவிட்டார். தொப்பி முழங்காலில். “டூட்டின்னுதானே சொன்னா தினமும்?” என்றார் என்னிடம்.

அவள் சுவரைப் பார்த்தபடி, அவளும் என்னிடமே சொன்னாள். “வக்கீல் அண்ணே, மாமாகிட்ட சொல்லுங்க. நாளைக்கு நானும் வர்றேன். நான் ஓட்டினதை நானே சொல்லிடுறேன்.”

“அவகிட்ட சொல்லுங்க, வேலை போயிடும்னு.”

“அவர்கிட்ட சொல்லுங்க, பொய் சொல்லிக் காப்பாத்துற வேலை வேண்டாம்னு.”

இரண்டு பேருக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. மாமனார் முகத்தைப் பார்த்து மருமகள் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதிலும் அவர் செய்தது தப்பு என்று சொல்வது நடக்கவே நடக்காது. ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, இவர் அவளைக் காப்பாற்ற ரகசியமாக வக்கீல் தேடியிருக்கிறார். அவள் இவரைக் காட்டிக்கொடுக்காமல் ரகசியமாக ஊசி போட்டிருக்கிறாள். நடுவில் நான் டெலிபோன் கம்பியாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் பஞ்சைக் குப்பையில் போட்டாள். திரும்பினாள். முக்காட்டை விலக்கி நேராக அவரைப் பார்த்தாள்.

“மாமா. நீங்க போன்னு சொன்னப்ப நான் போயிருக்கக் கூடாது.”

கல்முராத் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அந்த வீட்டு அடுப்புப் புகையாக இருக்கும். அடுப்பு அணைந்திருந்ததைக் கிழவர் கவனித்திருப்பார். நல்லவர், சொல்லவில்லை. மறுநாள் சமரசம் எழுதித் தருவதாகச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஓட்டியது யார், கத்தியது யார், நடந்து வந்தது யார், மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் மூன்று ஜெராக்ஸையும் அங்கேயே கிழித்தேன்.

மறுநாள் காலை கல்முராத் ஓட்ட, கிழவரை முன்னால் உட்காரவைத்து, அய்சிரெக்கும் நானும் பின்னால் ஏறிப் போனோம். விசாரணை அதிகாரி தாளைப் படித்தார். படத்தை எடுத்துப் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே நின்ற காரை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து படத்தை மறுபடி பார்த்தார். காது நுனி சிவந்திருந்தது.

“இதை எப்பக் கவனிச்சீங்க?” என்றார் என்னிடம்.

பெருமையாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் ஆசைதான். “தப்பான கதவைத் திறந்தேன்” என்றேன்.

சமரசத்தை ஏற்றுக் காயம்பட்ட வழக்கை அந்த மாதக் கடைசியில் மூடினார்கள். அன்று சாயந்திரமே திரும்பி வந்தாள் என்பதைப் பெரியவர் வாயாலேயே இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அவள் பெயரில் ஒரு சலான், வண்டியைக் கொடுத்ததற்கு அவர் பெயரில் ஒரு சலான். லைசென்ஸ் பரீட்சையை வசந்த காலத்துக்குத் தள்ளினார்கள். வழக்கு மூடும்வரை கல்முராத் பஸ் சாவியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு, காலையில் குழந்தைகளோடு பயணியாகப் போய்வந்தார். அய்சிரெக்கின் வேலை அவளிடமே இருந்தது. கிழவரின் கட்டு பிரிக்கும் நாள்வரை ஊசியும் நிற்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் கன்டெய்னர் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளிக் கார். “வக்கீல் அண்ணே, ஏறுங்க, லைசென்ஸ் வாங்கிட்டேன்!” என்றாள் அய்சிரெக். கல்முராத் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டிருந்தார். எங்கேயோ கள்ளத்தனமாக வாங்கியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அட்டையை வாங்கி முத்திரையைப் பார்த்தேன். நிஜ முத்திரைதான்.

போய் வலது பக்கக் கதவைத் திறந்தேன். அவள் மடியில் உட்காரப் போனேன்.

“அந்தப் பக்கம், அண்ணே” என்றாள்.